முதல் தொலைநோக்கி வாங்குமுன்



சென்ற திங்கள் வந்த மடல்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாய். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், "இந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எனக்குப் புத்தாடை வேண்டாம் அம்மா, அந்தப் பணத்தோடு என் உண்டியல் பணத்தையும் சேர்த்து ஒரு தொலைநோக்கி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறாளாம். கடையில் புதிதாக ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். '525 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்' என்று அதன் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கிறதாம். தெரிந்தவர் ஒருவர் தாம் பயன்படுத்திய பழைய தொலைநோக்கியைக் குறைந்த விலைக்குத் தருவதாகவும் சொல்கிறாராம். "எதை வாங்குவது? வானியல்பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏமாந்துவிடக் கூடாது என்பதே என் கவலை" என்று மடலை முடித்திருந்தார்.

525 என்ற அந்த எண்ணைக் கண்டதும் என் மனம் துணுக்குற்றது. அதே எண்ணை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் பத்து வயதுச் சிறுவனாய் இருந்தபோது நிகழ்ந்தது இது. நகரத்துக் கடை ஒன்றில், பெட்டியில் சனிக்கோளின் வண்ணப்படமும் 525 என்ற எண்ணும் பளிச்சிட, ஒரு தொலைநோக்கியை வாங்கி வந்தேன். அன்றிரவே மொட்டை மாடியில் அதை நிறுத்தினோம். எண் பெரிதானால் காட்சியும் பெரிதாகும் அன்றோ என்று, மிகுதியாகப் பெரிதாக்கும் வில்லையையே முதலில் பொருத்தினோம். நிலவு கலங்கிய நீரில் விழுந்த நிழல்போல் நடுங்கியது. கைபட்டால் குலுங்கியது, கையை எடுத்தால் இருபது நொடிக்குள் பார்வையைவிட்டே நகர்ந்து போயிற்று. சனியைத் தேடினோம், மங்கலான ஒரு குமிழி தெரிந்தது. மூன்று இரவுகள் முயன்றபின், "அப்பா, என் கண்ணில் ஏதோ குறை இருக்கிறது போலும்" என்றான் மகன். நான்காம் இரவு அவன் மாடிக்கு வரவில்லை. தொலைநோக்கி பரண் ஏறிற்று.

அவன் வளர்ந்து, வேலைக்கென்று வெளியூர் சென்றபின், பரணை ஒழுங்குபடுத்தும்போது அது மீண்டும் என் கையில் அகப்பட்டது. இதற்குள் சில நூல்களைப் படித்துக் கொஞ்சம் தெளிவு பெற்றிருந்தேன். மிகக் குறைவாகப் பெரிதாக்கும் வில்லையைப் பொருத்தினேன். முக்காலியின் நடுவில் மணல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டேன். சனிக்கோள் சின்னஞ்சிறு வளையத்தோடு, அசையாமல், தெள்ளத் தெளிவாக நின்றது. குறை என் மகனின் கண்ணில் இல்லை. கருவியிலும் முழுக் குறை இல்லை. பெட்டியில் இருந்த எண்ணை நம்பிய என்னிடத்திலேயே குறை இருந்தது. அன்று இழந்தது பணம் மட்டுமாயின் நான் வருந்தியிரேன். ஒரு சிறுவனின் ஆவல் அல்லவா போயிற்று! அந்தத் தாய்க்கும், அவரைப்போல் எண்ணியிருக்கும் ஏனைய பெற்றோருக்கும் இத்திங்கள் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் உள்ள எண்

தொலைநோக்கியின் முன்முனையில் வானத்தை நோக்கி இருப்பது பொருளருகு வில்லை. நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கம் இருப்பது கண்ணருகு வில்லை. முன்னதன் குவியத் தூரத்தைப் பின்னதன் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உருப்பெருக்கம். என் தொலைநோக்கியின் குவியத் தூரம் 700 மி.மீ. அதோடு வந்த சிறிய கண்ணருகு வில்லை 4 மி.மீ. 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. பெட்டியில் இருந்த பார்லோ வில்லை என்னும் துணை வில்லை இதை மும்மடங்கு ஆக்கும். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பெருக்கத்தைத் தாங்கும் ஒளி அந்தக் குழலுக்குள் நுழைவதே இல்லை. ஒரு கரண்டி மாவை அகன்ற தோசைக்கல் முழுவதும் இழுத்தால் என்ன ஆகும்? அதுபோலத்தான் இதுவும்.

வாய் அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்குப் பெருக்கமே பயன்தரும் என்பது வானியல் ஆர்வலர் கைக்கொள்ளும் பொது விதி. என் தொலைநோக்கியின் வாய் 60 மி.மீ. ஆகவே 120 மடங்கே அதன் எல்லை. அதுவும் காற்று அமைதியாய் உள்ள நல்ல இரவில்தான். கலிலேயோ 1610-ஆம் ஆண்டு சனவரியில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டபோது அவர் கையில் இருந்த குழல் ஏறத்தாழ 20 மடங்கே பெரிதாக்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எனவே முதல் அறிவுரை இதுதான்: பெரிய பெருக்க எண்ணையே விளம்பரமாகக் காட்டும் பெட்டியைக் கையால் தொடாதீர்கள்.

வாயும் காலும்

அப்படியானால் எதைக் கேட்டு வாங்குவது? இரண்டு கேள்விகள் போதும். வாய் எவ்வளவு அகலம்? கால் எவ்வளவு உறுதி?

இருளில் நம் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும். 70 மி.மீ. வாயுள்ள தொலைநோக்கி அதைப்போல் பத்து மடங்கு அகலம் உடையது. ஆதலால் நூறு மடங்கு ஒளியைத் திரட்டித் தருகிறது. 130 மி.மீ. வாயுள்ளது அதனினும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு மிகுதியாகத் திரட்டும். மங்கலானவற்றைக் காட்டுவதும், நெருங்கியவற்றைப் பிரித்துக் காட்டுவதும் இந்த அகலமே.

வாயை மட்டும் பார்த்துக் காலை மறந்துவிடுவோர் பலர். ஈர்க்குச்சி போன்ற முக்காலியில் எத்துணைச் சிறந்த குழலை ஏற்றினாலும் பயனில்லை. ஐம்பது மடங்கு பெரிதாகும் காட்சியில் நடுக்கமும் ஐம்பது மடங்கு பெரிதாகும் அன்றோ? கடையிலேயே சோதித்துவிடலாம். குழலை ஒரு பொருளின்மேல் நிறுத்தி, கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே, குழலை விரலால் மெல்லத் தட்டுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் நடுக்கம் அடங்கினால் நன்று. ஐந்து நொடி கடந்தும் ஆடினால் அது உங்கள் வீட்டுப் பரணுக்கு ஏற்றதே தவிர மாடிக்கு ஏற்றதன்று.

எந்த வகை?

வில்லையால் ஒளியைக் குவிப்பது ஒருவகை. குழி ஆடியால் குவிப்பது மற்றொரு வகை. வில்லைத் தொலைநோக்கி பேணுவதற்கு எளிது. எடுத்த எடுப்பில் பார்க்கலாம். 70 முதல் 90 மி.மீ. வரை வாயுள்ளது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. ஆடித் தொலைநோக்கி அதே விலைக்கு அகன்ற வாயைத் தரும். ஆனால் அதன் ஆடிகளை அவ்வப்போது நேர்படுத்த வேண்டும். கற்றுக்கொண்டால் சில நிமிட வேலைதான். கற்றுக்கொள்ளும் பொறுமை வேண்டும்.

ஆடித் தொலைநோக்கி வாங்குவோர்க்கு ஒரு நற்செய்தி உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் துறவியாய் வாழ்ந்த ஜான் டாப்சன் (1915–2014) என்பவர், கழித்துப் போட்ட கண்ணாடியையும் ஒட்டுப் பலகையையும் கொண்டே பெரிய தொலைநோக்கிகளைச் செய்தார். அவற்றை நடைபாதையில் நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்து வானத்தைக் காட்டினார். முக்காலிக்குப் பதிலாக அவர் அமைத்த மரப்பெட்டித் தாங்கி, அவர் பெயராலேயே டாப்சன் வகை என்று உலகெங்கும் வழங்குகிறது. விலை குறைவு, நடுக்கம் இல்லை, சிறுவரும் தள்ளித் திருப்பலாம். 114 அல்லது 130 மி.மீ. வாயுள்ள இவ்வகைச் சிறு தொலைநோக்கியை உறுதியான மேசைமேல் வைத்தே பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில ஆடித் தொலைநோக்கிகளில் குழல் அரை மீட்டர்தான் இருக்கும். குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும். குழலுக்குள் ஒரு துணை வில்லையைச் செருகி நீளத்தைக் கூட்டிய அமைப்பு அது. பெரும்பாலும் காட்சி தெளிவாய் இராது, நேர்படுத்துவதும் கடினம். தவிர்த்துவிடுங்கள். தானாகவே விண்மீனைத் தேடித் திரும்பும் மின்பொறி உள்ளவையும் முதல் கருவிக்கு வேண்டா. குறைந்த விலைக்குள் பொறியையும் அடக்கும்போது, வாய்க்குச் செலவிட வேண்டிய பணம் பொறிக்குப் போய்விடுகிறது. வழி தேட, இக்காலக் கைப்பேசியில் வானப் படம் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணம் இதற்கும் போதாதா? வருந்த வேண்டா. 7×50 அல்லது 10×50 என்று குறிக்கப்பட்ட பைனாகுலர் ஒன்றை வாங்குங்கள். முதல் எண் பெருக்கத்தையும் இரண்டாம் எண் வாய் அகலத்தையும் குறிக்கும். நிலவின் பள்ளங்களும், வியாழனின் துணைக்கோள்களும், கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு அகப்படாத விண்மீன்களும் அதிலேயே தெரியும். பின்னர்த் தொலைநோக்கி வாங்கினாலும் பைனாகுலர் வீணாவதில்லை.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். நன்கு பேணப்பட்ட வில்லை பல்லாண்டு உழைக்கும். ஆயினும் பார்க்காமல் பணம் கொடுத்தல் ஆகாது. கணினி வழியே விற்பவராயினும் நேரில் சென்று, கூடுமானால் இரவு நேரத்தில், பார்த்தே முடிவு செய்யுங்கள். நோக்க வேண்டியவை இவை:

1. கைவிளக்கின் ஒளியைச் சாய்வாக அடித்து வில்லையைப் பாருங்கள். தூசி இருந்தால் குற்றமில்லை. சிறு கீறலும் பெரிய கேடன்று. சிலந்தி வலை போன்ற இழைகள் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது எளிதில் பற்றும், போக்குவது அரிது. விட்டுவிடுங்கள்.

2. ஆடியாயின், அதன் அலுமினியப் பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்து மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று இதனைக் கெடுக்கும்.

3. கண்ணருகு வில்லையின் கழுத்தை அளவிடுங்கள். 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம், இன்றைய பொது அளவு. பழைய கருவிகள் சிலவற்றில் 24.5 மி.மீ. இருக்கும். அதற்கு மாற்று வில்லை கிடைப்பது கடினம்.

4. குவியத் திருகைச் சுழற்றுங்கள். ஒரே சீராக ஓட வேண்டும், தளர்ந்து ஆடலாகாது.

5. ஒளிமிக்க விண்மீன் ஒன்றை நோக்குங்கள். குவித்தால் கூரிய புள்ளியாக வேண்டும். குவியத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினால் இரு பக்கமும் ஒழுங்கான வட்டமாய் விரிய வேண்டும். ஒருபக்கம் இழுத்தாற்போல் விரிந்தால் வில்லை பிறழ்ந்திருக்கிறது என்று பொருள். ஆடிக் கருவியாயின் நேர்படுத்திப் பார்க்கச் சொல்லிப் பின் முடிவு செய்யுங்கள்.

6. தேடுநோக்கி, தாங்கியின் திருகுகள், மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு திருகு இல்லாமற்போனால் முழுக் கருவியும் முடங்கும்.

இவற்றில் எல்லாம் தேறினாலும், புதியதன் பாதி விலைக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வராது. குறையொன்று கண்டால் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்பதில் கூச்சம் வேண்டா.

கண்ணைக் காப்போம்

இப்பகுதியை இருமுறை படியுங்கள். தொலைநோக்கியாலும் பைனாகுலராலும் ஞாயிற்றைப் பார்த்தல் ஒருபோதும் கூடாது. ஒரு நொடி போதும், கண் நிரந்தரமாகக் கெடுவதற்கு. விழித்திரைக்கு வலி உணர்ச்சி இல்லாமையால், கெடுவதும் அப்போது தெரியாது. பழைய கருவிகள் சிலவற்றோடு, கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கருங்கண்ணாடித் துண்டு ஒன்று 'சூரிய வடிகட்டி' என்ற பெயரில் வரும். குவிந்த வெப்பத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். கண்டவுடன் உடைத்து எறிந்துவிடுங்கள். குழலின் பெரிய மூடியில் சிறு துளை ஒன்று இருப்பதைக் கண்டு, ஞாயிற்றைப் பார்க்கவே அது என்று எண்ணும் பிள்ளைகளும் உண்டு. அப்படியன்று என்று சொல்லிவையுங்கள். பகலில் தொலைநோக்கியைச் சிறுவர் கைக்கு எட்டும்படி வெயிலில் நிறுத்தி வைக்கவும் வேண்டா.

வாங்கிய பின்

முதல் இரவில் நிலவைப் பாருங்கள். ஆனால் முழுநிலவன்று வேண்டா. வளர்பிறை ஏழு எட்டாம் நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில்தான் மலைகளும் பள்ளங்களும் நிழல் விழுந்து எடுப்பாய்த் தெரியும். எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த காரை மாடி இரவில் வெப்பத்தை உமிழும், காட்சி நடுங்கும். மண்தரை முற்றம் இருந்தால் அதுவே மேல். கருவியை அரைமணி முன்னதாகவே வெளியே வைத்து ஆறவிடுங்கள். வில்லையை முந்தானையாலோ சட்டை நுனியாலோ துடைத்தல் ஆகாது. உள்ளே வைக்கும்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் இடுங்கள்.

நூல்களில் உள்ள வண்ணப்படங்களைப்போல் தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். வியாழன் ஒரு சிறு வெண்பட்டாணி; அதன் பக்கத்தில் நான்கு புள்ளிகள். சனியின் வளையம் 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அதன்பின் ஆண்டுக்காண்டு விரிந்து 2032-இல் நன்கு அகன்று தெரியும். ஆண்டிராமிடா விண்மீன் மண்டலம் ஒரு புகைத்துணுக்கு. ஆயினும் அவற்றின் ஒளி படமாய் அன்று, நேரே வந்து நம் கண்ணில் விழுகிறது. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாமாகவே உணர்வார்கள்.

இனி அந்தத் தாய்க்கு நேரடி விடை. அம்மையீர், 525 என்ற பெட்டியை மறந்துவிடுங்கள். மகளையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் இரவு அந்தப் பழைய தொலைநோக்கியைப் போய்ப் பாருங்கள். மேற்சொன்ன ஆறு சோதனைகளையும் அவளே செய்யட்டும். தேறினால் வாங்குங்கள். தேறாவிட்டால் உறுதியான காலுள்ள 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கியையோ மேசைமேல் வைக்கும் சிறு டாப்சன் வகையையோ புதிதாக வாங்குங்கள். அதற்குமுன் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் நடத்தும் வானோக்கு நிகழ்ச்சி உங்கள் ஊர்ப் பக்கம் நடந்தால், பலவகைக் கருவிகளில் கண்வைத்துப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நன்று. வாங்கிய பின் முதல் சில இரவுகளில் நீங்களும் அவளோடு அமருங்கள். பெற்றோர் ஒருமுறை குனிந்து பார்த்து, "அட, ஆமாம்!" என்று சொல்லும் சொல்லுக்கு ஈடான ஊக்கம் வேறில்லை.

இறுதியாக அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை தருகிறேன். 1689-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுச்சேரியில் இருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன்மேல் குழலைத் திருப்பினார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தெரியும் அது இரண்டாய்ப் பிரிந்து நின்றது. இன்று நாம் அறிந்தபடி, அவை ஒன்றையொன்று ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் இரட்டை ஞாயிறுகள். நமக்கு நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று மிகுந்த தொலைவில் உள்ளவை. அவ்விண்மீன் நம் மண்ணிலிருந்து இன்றும் தெரிகிறது. சூன் மாத நடுவில் இரவு 9 மணி அளவில், மேகமில்லாத இரவாய்ப் பார்த்துத் தெற்கே நோக்குக. கையை நீட்டிப் பிடித்தால், அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் ஒளிமிக்க இரு விண்மீன்கள் அருகருகே நிற்கும். அவற்றுள் இடப்பக்கத்தது, மிக ஒளியுடையது, அதுவே. எழுபது மடங்குப் பெருக்கம் போதும்.

இரண்டாய்ப் பிரிவதைக் கண்டால், மகளே, இப்பகுதிக்கு ஒரு வரி எழுது. என் மகனுக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லுகிறேன்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.